கோடை ஏரியில் வால்ஐ மீன் எங்கே போகிறது? ஜூலை கடைசி வாரத்துக்கான பதில்

கேள்வி சுருக்கமாக: அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் வாக்கர் ஊருக்குப் பக்கத்தில் ஏறக்குறைய 700 ஏக்கர் ஏரி, 45 அடி ஆழம், தெளிந்த நீர். மே மாதம் 8 அடி ஆழத்தில் ஜிக் முள்ளில் (தலையில் ஈயம் பொருத்திய முள்) சின்ன மீனை மாட்டிப் போட்டதும் வால்ஐ கிடைத்தது. போன ஜூலையில் அதே இடத்தில் மூன்று நாள் உட்கார்ந்தும் விரல் நீள சன்ஃபிஷ் மட்டும்தான். இந்த ஜூலை கடைசியில் குழந்தைகளோடு மறுபடி போகிறார்கள். 16 அடி வாடகைப் படகு, ஆழம் காட்டும் சாதாரண டெப்த் ஃபைண்டர் கருவி. எதை மாற்றுவது?

இடத்தையும் நேரத்தையும் மாற்றுங்கள். பகலைப் பேன்ஃபிஷ்ஷுக்கு, அதாவது வாணலியில் பொரிக்கிற சின்ன மீன்களுக்குக் கொடுத்துவிடுங்கள். புளூகில் (சன்ஃபிஷ்ஷில் ஒரு வகை), கிராப்பி, பெர்ச் எல்லாம் அதில் அடக்கம். பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது தொடங்கி, இருட்டி ஒரு மணி நேரம் வரை வால்ஐ. ஜூலை கடைசியில் அங்கே சூரியன் மறைய இரவு 9 மணி ஆகிவிடும், அதனால் சாப்பிட்டு முடித்துவிட்டே நிதானமாகக் கிளம்பலாம். நடுப்பகலிலும் வால்ஐ கிடைக்கும், ஆனால் அதற்குக் காற்று வேண்டும்.

மே மாதத்தில் ஏரி மேலிருந்து கீழ்வரை ஏறக்குறைய ஒரே குளிர்ச்சியில் இருக்கும். முட்டையிட்டு முடித்த வால்ஐ கரையோரமே திரியும். ஜூலையில் ஏரி அடுக்காகப் பிரிந்துவிடுகிறது. மேலே வெயில் பட்ட நீர் 75 டிகிரி ஃபாரன்ஹீட் வரை போகும். அடியில் குளிர்ந்த, கனமான நீர். இரண்டுக்கும் நடுவே சில அடி உயரத்துக்குள் வெப்பம் மளமளவென்று இறங்கும் ஒரு பட்டை, அதுதான் தெர்மோக்ளைன். அதற்குக் கீழே உள்ள நீர் கோடை முழுக்க மேலே வந்து காற்றைத் தொடுவதே இல்லை. அடியில் செடிகளும் பாசியும் மக்க மக்க, இருக்கிற ஆக்சிஜனும் தீர்ந்துபோகும். செடி நிறைந்த ஏரியில் ஆகஸ்ட் வரும்போது அடிப்பகுதி மீன் வாழ முடியாத இடமாகிவிடும். 'கோடையில் ஆழத்தில் போடு' என்ற அறிவுரை பாதிதான் சரி என்பது இதனால்தான். 40 அடியில் இரையாக அட்டைப்பூச்சியைத் தொங்கவிட்டு ஒரு மணி நேரம் காத்திருப்பவர் ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பட்டை எங்கே இருக்கிறது என்பதை உங்கள் டெப்த் ஃபைண்டரே காட்டும். ஏரியின் ஆழமான நடுப்பகுதிக்குப் போய், கருவியின் சென்சிடிவிட்டியைப் படிப்படியாக ஏற்றுங்கள். 20 முதல் 28 அடிக்குள் எங்காவது கிடைமட்டமாக ஒரு மங்கலான புகைக்கோடு தெரியும். அந்த ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டிய மீன் எல்லாம் அதற்கு மேலேதான். பத்து நிமிட வேலை, ஏரியில் பாதியை உங்கள் பட்டியலிலிருந்து அடித்துவிடும்.

மீதியைக் குறைப்பது செடி. மினசோட்டா இயற்கை வளத் துறையின் லேக்ஃபைண்டர் இணையப் பக்கத்தில் பல ஏரிகளுக்கு ஆழ வரைபடமும், வலைபோட்டுக் கணக்கெடுத்த விவரமும், நீரின் தெளிவும் கிடைக்கும். தெளிவை வட்டத் தட்டு ஒன்றை இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தை வைத்து அளக்கிறார்கள். அந்த ஆழத்தின் ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை செடி வளரும் என்பது தோராயக் கணக்கு. 8 அடி தெளிவு என்றால் செடியின் வெளி ஓரம் 12 முதல் 16 அடியில் இருக்கும். ஓரம் முழுக்க மீன் இருக்காது. செடிப்படுகை ஆழத்தை நோக்கி மூக்கு நீட்டும் இடம், உள்வாங்கும் இடம், அடியில் மணலும் கல்லும் சேரும் இடம், இவைதான் வேண்டும். செடி வகையிலும் வித்தியாசம் உண்டு. உள்ளூர்க்காரர்கள் 'கேபேஜ்' என்று சொல்லும் அகன்ற இலைச் செடி பச்சையாக, மொறுமொறுப்பாக நின்றால் அங்கே நில்லுங்கள். முள்ளில் பழுப்பாக, வழவழப்பாக வந்தால் அடுத்த இடம். ஏரியில் நீருக்கடியில் மேடு ஏதாவது, அதாவது நாற்புறமும் 25 அடி இருக்க நடுவில் 12 அடிக்கு உயரும் திட்டு இருந்தால், அதை மாலைக்கு ஒதுக்கிவையுங்கள்.

ஏன் மாலை? வால்ஐ மீனின் கண்ணின் உட்புறத்தில் ஒளியைத் திருப்பியடிக்கும் ஒரு படலம் இருக்கிறது. பூனைக் கண் இருட்டில் மின்னுவதும் அதே மாதிரியான படலத்தால்தான். மங்கிய வெளிச்சத்தில் வால்ஐக்குப் பார்வை தெரியும். அதன் முக்கிய இரையான மஞ்சள் பெர்ச்சுக்குத் தெரியாது. வால்ஐ பகலெல்லாம் செடிக்குள்ளோ ஆழ ஓரத்திலோ அசையாமல் கிடந்துவிட்டு, வெளிச்சம் இறங்கியதும் மேட்டின் மேலும் செடி ஓரத்திலும் ஏறி மேயும். காற்று அடித்து நீர் சுருக்கம் சுருக்கமாக அலை எழுப்பும்போதும் வெளிச்சம் உள்ளே இறங்காது. அதனால்தான் காற்று மோதும் பக்கத்தில் பட்டப்பகலிலும் 8, 10 அடியில் கிடைக்கும். காற்றுக்கு மறைவான, சொகுசான கரையில் படகை நிறுத்துவது நமக்கு வசதி, மீனுக்கு இல்லை.

இனி சாமான். ஜூலையில் சின்ன மீன் இரையை மறந்துவிடுங்கள். வெதுவெதுப்பான நீரில் வாளியிலேயே செத்துவிடும். அட்டையும் பெரிய மண்புழுவும்தான் கோடை இரை. அட்டையைக் குளிர்ந்த நீரில், ஐஸ் பெட்டியில் வைத்து, தினம் ஒருமுறை நீரை மாற்றினால் ஒரு வாரம் உயிரோடிருக்கும்.

தேடுவதற்கு: 8 பவுண்டு தாங்கும் தூண்டில் நரம்பில், அடி வளைந்த ஷூ வடிவ ஈயத்தை நழுவும்படி கோத்து, பின்னால் ஒரு மணி, முறுக்கு விழாமல் சுழலும் ஒரு சின்ன ஸ்விவல். ஸ்விவலிலிருந்து 5 அடி நீளத்துக்கு 6 பவுண்டு ஃப்ளூரோகார்பன் நரம்பு, நுனியில் 6ஆம் எண் முள். பிரெய்னர்டு பகுதியைச் சேர்ந்த ஆல், ரான் லிண்ட்னர் சகோதரர்கள் பிரபலப்படுத்திய 'லிண்டி ரிக்' இதுதான். ஈயம் 15 அடி வரை கால் அவுன்ஸ், 25 அடிக்கு 3/8, அதற்கு மேல் அரை அவுன்ஸ். படகு மணிக்கு அரை மைலிலிருந்து 0.8 மைலுக்குள் நகர வேண்டும். வாடகைப் படகின் மோட்டார் முன்னால் போகும்போது அவ்வளவு மெதுவாக ஓடாது. ரிவர்ஸில் போட்டுப் பின்பக்கமாக ஓட்டினால் ஓடும். காற்று தள்ளினால் கயிறு கட்டிய பிளாஸ்டிக் வாளி ஒன்றை நீரில் விடுங்கள், அதுவே பிரேக்.

அட்டையை அதன் அகன்ற முனையில் இருக்கும் உறிஞ்சியில் ஒரே ஒரு தடவை குத்தவும். நடுவில் குத்தினால் முள்ளைச் சுற்றிப் பந்தாகச் சுருண்டுவிடும், பந்தை வால்ஐ தொடாது. படகோரமாக இரண்டடி ஆழத்தில் இழுத்துப் பாருங்கள்: நீண்டு, பட்டையாக, நெளிந்து நீந்தினால் சரி. சுழன்றால் மறுபடி குத்துங்கள், இல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் நரம்பு முறுக்கேறிவிடும். மண்புழுவைத் தலை முனையில் குத்தி, நேராக வாலாட விடவும். கடையில் கிடைக்கும் காற்று ஊசியால் வால்பக்கம் ஒரு குமிழி ஏற்றினால் தரையிலிருந்து எழும்பி மிதக்கும், செடித் துரும்பில் மறையாது.

நரம்பு நீரில் இறங்கும் கோணத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். 45 டிகிரிக்குமேல் சாய்ந்துவிட்டால் ஈயம் தரையை விட்டுக் கிளம்பிவிட்டது என்று பொருள். வேகத்தைக் குறையுங்கள் அல்லது ஈயத்தைக் கூட்டுங்கள். நரம்பை விட்டுக்கொண்டே போவது தீர்வாகாது, எல்லாம் சிக்கலில்தான் முடியும்.

கடியை உணர்வது பழக்கத்தில் வரும். ரீலின் பெயிலை (நரம்பைச் சுற்றித் தரும் கம்பி வளையம்) திறந்து நரம்பை ஆள்காட்டி விரலில் தாங்கிக்கொள்ளுங்கள். பெர்ச்சும் சன்ஃபிஷ்ஷும் படபடவென்று கொத்தும். செடி என்றால் கனம் மெல்லக் கூடிக்கொண்டே போகும். வால்ஐ பெரும்பாலும் ஒரு 'டக்', அதன்பின் நரம்பில் ஈரத்துணி மாட்டியது போன்ற பாரம். அப்போது விரலை விடுங்கள். ஐந்து எண்ணுங்கள், பிறகு பெயிலை மூடி, தொய்வைச் சுற்றி, பாரம் தெரிந்ததும் கம்பை ஒரே சீராகப் பின்னுக்கு இழுங்கள். வெடுக்கென்று அடிக்க வேண்டாம். எண்ணிக்கையைப் பதினைந்து, இருபது என்று நீட்டினால் கடி தவறாது, ஆனால் முள் தொண்டைக்குள் போய்விடும். அந்த மீனை விட்டாலும் பிழைப்பது கஷ்டம். புழு பின்பாதி இல்லாமல் அறுந்து அறுந்து வந்தால் அது வால்ஐ வேலை அல்ல, சன்ஃபிஷ் கூட்டம். அட்டைக்கு மாறுங்கள், அல்லது ஓரத்திலிருந்து மூன்று நான்கு அடி ஆழமாக நகருங்கள்.

மீன் பரந்து கிடக்கிறது, தேடிச் சலித்துவிட்டது என்றால் சுழலும் தகடு கோத்த ஸ்பின்னர். இரண்டு முள் கோத்த நரம்பில் 3 அல்லது 4ஆம் எண் கொலராடோ தகடு, முழு மண்புழு, முன்னால் ஒரு அவுன்ஸ் முதல் இரண்டு அவுன்ஸ் வரை பாட்டம் பவுன்சர், அதாவது தரையைத் தட்டிக்கொண்டே வரும் கம்பி வைத்த ஈயம். மணிக்கு 1 முதல் 1.4 மைல். நீர் சூடாக இருக்கும்போது வால்ஐ துரத்தவும் செய்யும், அதனால் ஜூலை கடைசி முதல் ஆகஸ்ட் வரை இது மெதுவான முறையைவிடப் பல நாள் மேல். தகட்டின் நிறத்தைப் பற்றிக் கடையில் அரைமணி நேரம் பேசுவார்கள். தெளிந்த நீருக்கு வெள்ளி, கலங்கலுக்குப் பொன் என்று இரண்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடலாம். வேகமும் ஆழமும் சரியில்லாமல் எந்த நிறமும் உதவாது.

மாலை மேட்டில் நங்கூரம் போட்டபின் நழுவு தக்கைதான் வசதி, குழந்தைகளும் பிடிக்கலாம். நரம்பில் நூல் முடிச்சு, கீழே சின்ன மணி, தக்கை, முள்ளுக்கு ஒன்றரை அடி மேலே ஈயக்குண்டு, 6ஆம் எண் முள், அட்டை. ஆழம் பார்க்க முள்ளில் ஒரு கனமான ஈயத்தை மாட்டி இறக்குங்கள். தக்கை மூழ்கினால் முடிச்சை மேலே ஏற்றுங்கள், நீரின்மேல் படுத்துக் கிடந்தால் கீழே தள்ளுங்கள், நீர்மட்டத்தைத் தொட்டதும் அதிலிருந்து ஒரு அடி குறையுங்கள். இரை தரைக்கு ஒரு அடி மேலே நிற்கும். தக்கை நிமிராமல் படுத்தே கிடந்தால் ஈயம் தரையைத் தொட்டுவிட்டது. நரம்பு பாதியில் நிற்கிறதா? முடிச்சின் நூல் முனைகளை ஒட்ட வெட்டியிருப்பீர்கள்; குட்டையான முனை முள்ளாய் விறைத்துக் கம்பின் வளையத்தில் முட்டும். அரை அங்குலம் விட்டால் வளைந்து போகும். இன்னொன்று, ஈயம் போதாமல் தக்கை நெட்டையாக நின்றால் வால்ஐ கவ்வியதும் எதிர்ப்பை உணர்ந்து துப்பிவிடும். முனை மட்டும் அரை அங்குலம் தெரியும்படி ஈயக்குண்டைச் சேர்த்துச் சமன் செய்யுங்கள். இரவுக்கு விளக்குத் தக்கை.

பகல் வேலைக்கு வருவோம். உங்கள் பழைய இடத்தில் கிடைப்பதெல்லாம் விரல் நீளமாக இருப்பதற்குக் காரணம் எளிது: பெரிய புளூகில் அங்கே இல்லை. மே கடைசியிலிருந்து ஜூன் வரை, நீர் 70 டிகிரியை நெருங்கும்போது, அவை இரண்டு முதல் நான்கு அடியில் மணலில் வட்டக் குழி தோண்டி முட்டையிடும். அது முடிந்ததும் பெரியவை செடியின் வெளி ஓரத்துக்கு, 12 முதல் 16 அடிக்கு, போய்விடும். சில ஏரிகளில் நடு ஏரியில், தரையை ஒட்டாமல் நீரின் நடுவே தொங்கிக்கொண்டு, மிதக்கும் நுண்ணுயிர் மேயும். வரிசையாகப் பத்து மீன் சின்னதாக வந்தால் பக்கவாட்டில் நகராதீர்கள், ஆழத்துக்கு நகருங்கள்.

4 பவுண்டு நரம்பு, பென்சில் தடிமனுள்ள தக்கை, 8ஆம் எண் நீளத்தண்டு முள். நீளத்தண்டு ஏன் என்றால் புளூகிலின் வாய் சின்னது, முள்ளை முழுசாக விழுங்கும், தண்டைப் பிடித்துத்தான் கழற்ற முடியும். புழுவை விரல் நகம் அளவு மட்டும் நறுக்கி முள்ளை மூடுங்கள். வால் தொங்கினால் அதை மட்டும் கடித்துக்கொண்டு போய்விடும், தக்கை ஆடிக்கொண்டே இருக்கும், முள் காலியாக வரும். மேலே சின்ன மீன் கூட்டம் இரையை வழியிலேயே பறித்தால் ஈயக்குண்டு ஒன்று கூடுதலாகப் போட்டு வேகமாக இறக்குங்கள். ஆழத்தில் 1/32 அவுன்ஸ் ஜிக்கில் சின்ன பிளாஸ்டிக் புழுவும் நன்றாக வேலை செய்யும், இரை மாற்றும் வேலையும் மிச்சம்.

கிராப்பி பகலில் மந்தம். சூரியன் சாயும்போது ஆழச் செடி ஓரத்துக்கு வெளியே, 25 அடி நீரில் 10 அடியில் தொங்கும். அதன் கண் மேல்நோக்கி. இரை அதற்கு ஒரு அடி மேலே இருந்தால் ஏறி வந்து எடுக்கும், கீழே இருந்தால் பார்க்கவே பார்க்காது. வாய் காகிதம் மாதிரி கிழியும், தூக்காமல் வலையில் வாங்குங்கள்.

புளூகில் விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். ஆரஞ்சு நெஞ்சுள்ள, உள்ளங்கை நிறையும் பெரிய ஆண்தான் கூட்டைக் காவல் காக்கும். அவற்றை வாரிக்கொண்டு போய்விட்டால், போட்டிக்குப் பெரியவர் இல்லாத இளம் ஆண்கள் வளர்வதை நிறுத்தி, சின்ன வயதிலேயே இனப்பெருக்கத்துக்கு இறங்கிவிடும். பிறகு ஏரி முழுக்க ஐந்தங்குல மீன்தான். மினசோட்டா 2021 முதல் பல ஏரிகளில் சன்ஃபிஷ் எண்ணிக்கையை 5, 10 என்று குறைத்தது இதற்காகத்தான். ஏழு, ஏழரை அங்குலத்தைச் சாப்பிட எடுத்துக்கொண்டு ஒன்பது அங்குலத்தை நீரில் விடுங்கள்.

நான் சொன்னது நடுத்தர ஏரிக்கு. அங்கிருந்து ஒருநாள் மில் லாக்ஸ் என்ற பெரிய ஏரிக்குப் போனால் கணக்கு வேறு. 1,32,000 ஏக்கர் பரப்பு, ஆழமோ 40 அடியைச் சற்றுத் தாண்டும். காற்று அடிக்கடி கலக்கிவிடுவதால் அடுக்கு நிலைப்பதில்லை, அடிவரை மீன் இருக்கும். வடபாதியில் சேற்றுத் திட்டுகள் பிரபலம். அந்தச் சேற்றில் வாழும் மேஃப்ளை பூச்சியின் புழுக்கள் ஜூன் கடைசி, ஜூலை தொடக்கத்தில் எழும்பும்போது வால்ஐ வயிறு முட்டத் தின்றுவிட்டு இரையைத் திரும்பிப் பார்க்காது. அந்த நாள்களில் அரைப் புழு, சின்ன அட்டை. 2005இல் அங்கே வரிக்குதிரை மட்டி கண்டுபிடிக்கப்பட்டது. அது பெருகிய ஏரிகளில் நீர் தெளிந்து, மீன் வெளிச்சத்துக்கு அஞ்சி ஆழத்துக்கும் இரவுக்கும் தள்ளிப்போகிறது. 16 அடிப் படகை அந்த ஏரியில் காற்று நாளில் இறக்க வேண்டாம்.

திருப்பி விடும் மீனுக்குக் கோடைதான் எமன். 30 அடியிலிருந்து இழுத்தால் காற்றுப்பை உப்பிக் கீழே இறங்க முடியாமல் தத்தளிக்கும். சூட்டு நீரில் களைப்பும் தீராது. ஆழத்தில் பிடிப்பதானால் சாப்பிடும் அளவுக்குப் பிடித்துவிட்டு நிறுத்திவிடுவது நல்லது. முள் தொண்டையில் இருந்தால் தோண்டாதீர்கள், நரம்பை வெட்டிவிடுங்கள். உணவுக்கு 15 முதல் 18 அங்குல வால்ஐ போதும். பெரியவை பெட்டை, முட்டைச் சொத்து. போதாக்குறைக்குப் பாதரசமும் பெரிய மீனில்தான் சேரும், குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது ஆகாது. எடுப்பதை உடனே ஐஸில் போடுங்கள். கயிற்றில் கோத்து 75 டிகிரி நீரில் தொங்கவிட்ட மீன் கரைக்கு வரும்போது சதை குழைந்திருக்கும்.

சதையில் மிளகுத் தூள் தூவியது போலக் கருப்புப் புள்ளி இருந்தால் அது ஒட்டுண்ணி, வேகவைத்தால் ஆபத்தில்லை. வால்ஐ துண்டின் முன்பாதியில் நடுவே ஒரு வரிசை முள் உண்டு, இருபுறமும் கத்தி போட்டு எடுத்துவிடலாம். வறுவலுக்குத்தான் இந்த மீன்; புளிக்குழம்பில் கொதிக்கவிட்டால் உதிர்ந்துவிடும். புளூகிலைச் செதில் எடுத்து முழுசாகப் பொரியுங்கள்.

சட்டம் பக்கம்: 16 வயதிலிருந்து உரிமம் வேண்டும். திறந்த நீரில் ஆளுக்கு ஒரே தூண்டில், இது பக்கத்து விஸ்கான்சினிலிருந்து வருபவர்கள் தவறும் இடம், அங்கே மூன்று. படகு ஓடும்போது 10 வயதுக்குக் கீழே உள்ள குழந்தை உயிர்காப்பு அங்கி அணிந்தே இருக்க வேண்டும். எத்தனை மீன், எத்தனை அங்குலம் என்பது ஏரிக்கு ஏரி மாறும், அந்த ஆண்டுக் கையேட்டில் உங்கள் ஏரியின் பெயரைத் தேடிப் பாருங்கள். அளவுக் கட்டுப்பாடு உள்ள ஏரியில் படகிலேயே மீனை வெட்டாதீர்கள். கிளம்பும்போது படகின் வடிகால் அடைப்பானைக் கழற்றி நீரை முழுக்க வடித்துவிட்டு, அப்படியே கழற்றிவைத்தே வண்டியில் இழுத்துப் போக வேண்டும். மிஞ்சிய அட்டையை வைத்துக்கொள்ள விரும்பினால் ஏரி நீரைக் கொட்டிவிட்டு வீட்டிலிருந்து கொண்டுவந்த நீரை ஊற்றுங்கள். வேண்டாமென்றால் குப்பையில் போடுங்கள், ஏரியில் கொட்டக் கூடாது.